கொழும்பில் நின்ற பணம், மணிலாவில் போன பணம்

இணையக் குற்றங்களை உலக நாடுகள் எப்படிக் கையாளுகின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். திருகோணமலையில் வங்கிக் கவுண்டருக்குள் இருந்தே காலம் போக்கியவன் நான். இந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு 2016 பெப்ரவரிதான் ஞாபகம் வரும்.

அந்த மாதம் 4ஆம் திகதி இரவு, பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் ஏற்கெனவே புகுந்திருந்த திருடர்கள் வேலையைக் காட்டினார்கள். நியூயோர்க்கில் கிடந்த அந்நாட்டுப் பணத்தை அனுப்பும்படி 35 உத்தரவுகள். கேட்ட தொகை கிட்டத்தட்ட 100 கோடி டொலர். அதில் ஐந்து உத்தரவுக்குப் பணம் புறப்பட்டது. நான்கு மணிலாவுக்கு, ஒன்று நம் கொழும்புக்கு.

கொழும்புக்கு வந்தது 2 கோடி டொலர், ஒரு தொண்டு அமைப்பின் பெயருக்கு. 'ஃபவுண்டேஷன்' என்பதை 'ஃபண்டேஷன்' என்று பிழையாக அடித்திருந்தார்கள். இடையில் இருந்த ஜேர்மன் வங்கி விளக்கம் கேட்டது. இங்கே பான் ஏசியா வங்கியிலும், இலங்கைக் கணக்கொன்றுக்கு இவ்வளவு பெரிய தொகையா என்று சந்தேகப்பட்டார்கள். பணம் திரும்பிப் போய்விட்டது.

மணிலாவுக்குப் போன 8.1 கோடி டொலர் சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. சீனப் புத்தாண்டு விடுமுறை வேறு, உடனே தடுக்க ஆளில்லை. பணச்சலவைத் தடைச் சட்டம் அப்போது அங்கே சூதாட்ட விடுதிகளைக் கட்டுப்படுத்தவில்லை, 2017இல்தான் திருத்தினார்கள். பெரும்பகுதி இன்னும் மீளவில்லை.

நம்மிடம் 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. இணையக் குற்றங்கள் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையில் 2015இல் தெற்காசியாவிலேயே முதலில் சேர்ந்ததும் நாம்தான். ஆனால் அன்று பணத்தைக் காப்பாற்றியது, நிறுத்திவைத்துக் கேள்வி கேட்ட வங்கி ஊழியர்கள்.

நானும் ஒருமுறை அப்படிக் கேட்டிருக்கிறேன். திருக்கடலூரிலிருந்து ஒரு தங்கச்சி பணம் கட்டும் துண்டை நிரப்பிக்கொண்டு என்னிடம் வந்தா. முகநூலில் பழகிய ஒருவர் வெளிநாட்டிலிருந்து பொதி அனுப்பினாராம். "துறைமுகத்தில சுங்கம் மறிச்சு வச்சிருக்காம் ஐயா, இண்டைக்கே கட்டாட்டி திருப்பி அனுப்பிடுவாங்களாம்." துண்டில் இருந்ததோ ஒரு தனி ஆளின் கணக்கு. நேயர்களே, துறைமுகத்தைப் பார்த்தபடி வாழ்கிற ஊரில் இந்தப் பொய் சுலபமாக எடுபடும். நம் துறைமுகத்தில் பெரும்பாலும் இறங்குவது கோதுமை, சீமெந்துக்கான கிளிங்கர் போன்ற சரக்குகள்தான், இப்படிப் பொதிகள் அல்ல. பணம் கேட்டவர்களின் தொலைபேசி இலக்கத்துக்கு என் மேசையிலிருந்தே எடுத்து, சுங்க அலுவலகம் எந்த வீதியில் என்று கேட்டேன். தொடர்பைத் துண்டித்துவிட்டார்கள். தங்கச்சி வெகுநேரம் எழும்பாமல் இருந்தா.

தங்கச்சியின் பணம் தப்பியது, ஆனால் பணம் போன பிறகு என்ன செய்வது? இந்தியாவில் 1930 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்தால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் பறக்கிறது. சிங்கப்பூரில் வங்கி ஊழியர்கள் பொலிஸாரோடு ஒரே இடத்தில் இருந்து கணக்கை முடக்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது பிரித்தானியா. ஏமாந்து தானே அனுப்பிய பணத்தைக்கூட, சில நிபந்தனைகளோடு, 85,000 பவுண் வரை வங்கிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2024 ஒக்டோபரிலிருந்து விதி. அதில் பாதியை, பணத்தைப் பெற்ற வங்கி ஏற்க வேண்டும். திருடனுக்குக் கணக்குத் திறந்துகொடுத்த வங்கிக்கும் நட்டம் என்றால், யாருக்குக் கணக்குத் திறக்கிறோம் என்று அது பார்த்துத்தானே ஆக வேண்டும்?

நேரம் முடிகிறது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள், இணையப் பாதுகாப்பு நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு அழையுங்கள், பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். பிரித்தானியாவின் அந்தப் பாதிக்குப் பாதி விதி நம் நாட்டுக்கும் சீக்கிரம் வரவேண்டும் என்பதே என் ஆசை.