தனுஷ்கோடி நிலையம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



காட்பாடி வழியாகப் புகைவண்டியில் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து குடியமர்ந்தோர் நம்முள் பலர். பிழைப்பை நாடிப் புறப்படுவோனுக்குப் பிறந்த மண்ணின் கடைசிக் காட்சி பெரும்பாலும் ஒரு புகைவண்டி நிலையமே. ஆதலின், இன்று வண்டியே வாராத ஒரு நிலையத்தின் வரலாற்றைத் தங்கள்முன் வைக்க விழைகின்றேன். அதுவே தனுஷ்கோடி.

முன்னாளில் கொழும்பு செல்வோர் தூத்துக்குடி வரை வண்டியில் சென்று, ஆங்கிருந்து கப்பலேறினர். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் வழி மாறிற்று. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, ஏறத்தாழ 22 மைல் கடலைக் கப்பலில் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் வண்டியேறிக் கொழும்பை அடைந்தார். மக்கள் அதனைப் 'போட் மெயில்' என்றே வழங்கினர். மணல்திட்டாகிய அம்முனையில் நிலையமும், அஞ்சலகமும், மாதாகோயிலும் எழுந்தன.

அவ்வழியே சென்றோர் வணிகரும் செல்வரும் மட்டுமோ? தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற ஏழைத் தமிழரும் மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்கென நிறுத்திவைக்கப்பட்டு, பின்னரே கடல் கடந்தனர். மலைநாட்டைப் பசுமையாக்கியது அவர்தம் உழைப்பே.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. இரண்டு திங்களும் நிரம்பவில்லை. டிசம்பர் 22-ஆம் நாள் இரவு பெரும்புயல் எழுந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டியைத் தனுஷ்கோடிக்கு அருகே கடல் விழுங்கிற்று; நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊரும் அழிந்தது. குடியிருக்கத் தகாத இடமென அரசு அறிவித்தது.

சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் செப்பனிட்டனர். இராமேசுவரத்திற்கு மீண்டும் வண்டி ஓடிற்று, தனுஷ்கோடிக்கு ஓடவில்லை. பின்னர்த் தாயகம் திரும்பியோர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்தில் வந்திறங்கினர். 1984-இல் அக்கப்பலும் நின்றது. தம் பெற்றோர் விடைபெற்றுச் சென்ற நிலையம், அவர்கள் திரும்பியபோது இல்லை! இன்று அங்கே எஞ்சியிருப்பவை சில இடிந்த சுவர்களே.

அன்பர்களே! கல்லால் எழுப்பிய நிலையமே ஓரிரவில் மறையுமாயின், வாய்ச்சொல்லாய் மட்டும் நிற்கும் நம் குடும்ப வரலாறு எத்தனை நாள் நிற்கும்? நம் பாட்டனார் எந்த ஊரில் வண்டியேறினார், எவர் வழியனுப்பினார், கையில் என்ன கொண்டுவந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிவார்களா? சொல்லவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு தொடங்குக. பெரியோரைக் கேட்டு, பிள்ளைகள் தம் கையாலேயே தமிழில் எழுதுக. அடுத்த ஆண்டு விழாவில் அவற்றை இம்மேடையில் படிப்போம். பாட்டன் வரலாற்றை அறிவதோடு, பேரன் தமிழெழுதவும் கற்றுக்கொள்வான்.

வாழ்க தமிழ்!