பதம் பார்க்கும் கை



வெள்ளவத்தையில் எங்கள் அயல்வீட்டு அம்மா புட்டுக்கு மாக் குழைக்கையில் தண்ணீரை அளந்து ஊற்றுவதில்லை. தெளித்துக் குழைத்து, ஒரு பிடியை அமத்திப் பார்ப்பார். பிடித்தால் பிடிபட வேண்டும். தட்டினால் உதிர வேண்டும். பதம் என்பது இதுதான். உழுமுன் காணியில் குனிந்து மண்ணை அள்ளும் கமக்காரன் தேடுவதும் இதையே.

வன்னியின் செங்கபில மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் அதன் கட்டியை விரலால் நெரித்து உடைக்க முடியாது. அளவான ஈரம் ஊறினால், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் அதே கட்டி பொலபொலவென்று உதிரும். இன்னும் நனைந்தாலோ விரலை விடாது. மண்ணாய்வாளரும் இந்த மூன்று நிலையிலும் கையாலேயே சோதித்துக் குறிக்கிறார்கள். சுவீடன் நாட்டு அத்தர்பேர்க் 1911 இல் இந்நிலைகளுக்கு ஈர எல்லைகள் வகுத்தார். அவற்றிலொன்றைக் காண, ஆய்வுகூடத்தில் இன்றும் மண்ணைத் திரியாக உருட்டுகிறார்கள். சுமார் 3 மில்லிமீற்றர் தடிப்பில் அது நொறுங்கத் தொடங்க வேண்டும். உருட்டுவது கைதான்!

முருங்கன் களி இன்னும் பிடிவாதமானது. நனைந்தால் காலோடு வரும், காய்ந்தால் பாளமாக வெடிக்கும். காங்கேசன்துறைச் சீமெந்துக்குப் போனது அந்தக் களிதான். வெள்ளவத்தைக் கடற்கரை மணலுக்கு இந்த வம்பொன்றும் இல்லை.

ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்பது வள்ளுவர் கருத்து. தராசிலிட்டால் சாதாரண வயல்மண் அவ்வளவு குறையாது. அவர் சொன்னது எடையை அல்ல, பொறுமையை என்றே எனக்குப் படுகிறது.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்த என் மைத்துனருக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. 2009 இன் பின் வன்னிக்குத் திரும்பியவர், உழுந்து போடவென்று தகப்பனாரின் மேட்டுக்காணியில் ஈரம் ஆறுமுன் உழவு இயந்திரத்தை இறக்கினார். புரண்ட மண் வெயிலில் செங்கல்லாயிற்று. போட்ட விதை பாழ். தகப்பனார் இருந்திருந்தால் தடுத்திருப்பார். இடம்பெயர்ந்த ஆண்டுகளில் அந்தக் கைப்பழக்கம் மகனுக்கு வந்து சேரவில்லை.

அடுத்த மழைக்குப் பின் பக்கத்துக் காணிப் பெரியவர் ஒரு பிடி மண்ணை அமத்தி அவர் கையில் வைத்து, "தம்பி, இது இன்னும் ஒட்டுது. ரெண்டு நாள் பொறும்" என்றாராம்.

இப்போது கொழும்புக்கு வரும்போதெல்லாம் மைத்துனர் நேரே குசினிக்குள் போய்ப் புட்டு மாவில் ஒரு பிடி அமத்திப் பார்க்கிறார். கை கழுவினாரா என்று என் மனைவி கேட்பதுண்டு.