ஒரு நாள் உழைப்பு எதை வாங்கும்?

வல்லம் ஒன்றியத்தின் பல ஊர்களிலிருந்தும் வேலையை முடித்துவிட்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வாசகர் வட்டத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு 'அன்றைய கூலியும் இன்றைய விலைவாசியும்'. இந்தப் பேச்சை எடுத்தாலே பெரியவர்கள், "அந்தக் காலத்தில் பத்து ரூபாயில் ஒரு வாரம் ஓடும்" என்பார்கள். பேரப்பிள்ளைகள், "அப்போ உங்க கூலி எவ்வளவு தாத்தா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விலையை மட்டும் பார்த்தால் அந்தக் காலம் பொற்காலமாகத் தெரியும். கூலியை மட்டும் பார்த்தால் இந்தக் காலம் பொற்காலமாகத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். ஒரு நாள் உழைப்பு எதை வாங்கும்? இந்தக் கேள்வியோடு நான்கு தலைமுறையைச் சுற்றி வருவோம், வாருங்கள்.

கூலி நெல்லாக இருந்த காலத்திலிருந்து தொடங்குவோம். நம் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. அங்கே ராஜகிரியின் அடிவாரத்தில் வானளாவ நிற்கும் நெற்களஞ்சியத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அரசனின் பலத்துக்கு அளவு, அதற்குள் இருந்த நெல். குடியானவன் கொடுத்த வரியும் நெல், உழைப்பவன் வாங்கிய கூலியும் நெல். வெள்ளைக்காரன் வந்து வரியைக் காசாக மாற்றிய பிறகும், கூலி நெடுங்காலம் களத்துமேட்டில்தான் அளக்கப்பட்டது.

இதற்கு நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே அச்சில் ஏறிய சாட்சி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916ஆம் ஆண்டில் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். அதில் ஒரு கிராமம் நம் இருவேல்பட்டு. அந்த ஆய்வு 1918இல் புத்தகமாக வந்தது. முதல் கணக்கெடுப்புக்கு இருபது ஆண்டு கழித்து மறுபடி ஓர் ஆய்வுக் குழு அதே ஊருக்குப் போனது. 1981இலும் 2008இலும் மேலும் ஆய்வாளர்கள் போனார்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட ஊர், இந்தியாவிலேயே அபூர்வம்.

அங்கே ஸ்லேட்டரின் மாணவர் கண்டது என்ன? படியாள் முறை. வாங்கிய கடனுக்காக ஒரு குடும்பம் ஆண்டை வீட்டு நிலத்தில் கட்டுண்டு கிடக்கும். கூலி தானியமாக வரும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். சந்தையில் அரிசி விலை இரண்டு மடங்கு ஏறினாலும், தானியமாகக் கூலி வாங்குகிறவனின் வயிற்றில் அது அடிக்காது. அளந்து போட்ட நெல் அதே நெல். விலைவாசியிலிருந்து அவனுக்குப் பாதுகாப்பு இருந்தது, ஆனால் விடுதலை இல்லை. நெல் அளக்கும் மரக்கால் ஆண்டையுடையது. அதில் குறைகிறது என்று கேட்க நாக்கு கிடையாது. வேறு ஊருக்குப் பிழைக்கப் போகக் காலுக்கு உரிமை கிடையாது.

பிறகு காசுக் கூலி வந்தது. கையில் ரூபாய் வந்தவன் எந்தக் கடையிலும் வாங்கலாம், எந்த ஊருக்கும் பஸ் ஏறலாம். 2008இல் இருவேல்பட்டுக்குப் போன ஆய்வாளர்கள் பார்த்தபோது பழைய படியாள் முறை மறைந்து போயிருந்தது. அந்த விடுதலையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. நம் முன்னோர் வாங்கித் தந்த மானம் அது. ஆனால் அதே கதவு வழியாக விலைவாசியும் உள்ளே நுழைந்தது. நெல்லுக்குத் தேய்மானம் இல்லை. ரூபாய்க்கு உண்டு.

எப்படித் தேய்ந்தது? இரண்டாம் உலகப் போரின்போது விலைகள் இரண்டு மடங்குக்கு மேல் போயின. ரேஷன் அட்டையை அப்போதுதான் பார்த்தோம். 1960களின் நடுவில் அரிசிப் பஞ்சம் ஆட்சியையே புரட்டிப் போட்டது. 1967இல் அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்கோடு வந்தார். சென்னையிலும் கோவையிலும் அதைத் தொடங்கியும் வைத்தார். 1974இல் எண்ணெய் விலை ஏற்றமும் விளைச்சல் குறைவும் சேர்ந்து, ஒரே ஆண்டில் மொத்த விலைகள் நூற்றுக்கு இருபத்தைந்து அளவுக்கு ஏறின.

இந்த அடிகள் எல்லோர் மேலும் விழுந்தன. ஆனால் குடை எல்லோர் கையிலும் இல்லை. அரசு ஊழியருக்குப் பஞ்சப்படி இருந்தது. விலை ஏறினால் ஆண்டுக்கு இருமுறை அதுவும் ஏறும். அது அவர்கள் போராடிப் பெற்ற நியாயமான உரிமை, நான் குறை சொல்லமாட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். நாற்று நட்டவளுக்கும், மல்லாட்டை பிடுங்கியவளுக்கும், செங்கல் சுமந்தவனுக்கும் பஞ்சப்படி எங்கே?

அதற்குத் தமிழ்நாடு ஒரு பதில் கண்டது. ரேஷன் கடை. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் கிலோ 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லாத அரிசி. களத்துமேட்டு நெல் தந்த பாதுகாப்பு திரும்பி வந்தது, ஆண்டை இல்லாமல் வந்தது. அடுத்தது அரசின் நூறு நாள் வேலைத் திட்டம். 2006 பிப்ரவரியில் அது தொடங்கியபோது தமிழகத்தின் முதல் ஆறு மாவட்டங்களில் நம் விழுப்புரமும் ஒன்று. அன்றைக்குக் கூலி 80 ரூபாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. 2011இல் 119, 2025இல் 336. விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டோடு அந்தக் கூலியை இணைத்தார்கள். நாட்டின் உழைப்பாளிக்குக் கிடைத்த முதல் பெரிய பஞ்சப்படி அது என்றே நான் சொல்வேன்.

அப்படியானால் ஏன் இன்னும் மாதக் கடைசியில் கை வறண்டு போகிறது? தாய்மார்களே, நீங்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். சேர்ந்து போடுவோம்.

2006இல் நூறு நாள் வேலை முழுவதும் கிடைத்தால் 8,000 ரூபாய். அந்த ஆண்டு ஒரு சவரன் தங்கம் சராசரியாக 7,000 ரூபாய் அளவில் இருந்தது. நூறு நாள் வெயிலில் நின்றால் மகளுக்கு ஒரு சவரன் வாங்கலாம், மிச்சமும் இருக்கும். 2025இல் அதே நூறு நாளுக்கு 33,600 ரூபாய். அந்த அக்டோபரில் ஒரு சவரன் 90,000ஐத் தாண்டியது. நூறு நாள் உழைப்பு அரைச் சவரனுக்கும் பற்றவில்லை. சமையல் சிலிண்டர் அப்போது 868 ரூபாய், அதாவது இரண்டரை நாள் கூலிக்கு மேல். இதற்குமேல் பிள்ளையின் பள்ளி வேன், செல்போன் ரீசார்ஜ், வீட்டுமனை, ஆஸ்பத்திரி. அரிசி நம்மை விட்டுவிட்டது. மற்றவை பிடித்துக்கொண்டன.

இந்தப் பிடியை விலைக் குறியீடு பார்த்ததா? பார்க்கவில்லை. கூலியை உயர்த்தப் பயன்பட்ட அந்தக் குறியீடு 1986-87ஐ நூறாக வைத்தது. அதற்கு அடிப்படை, 1983இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கு. ஏழை வீட்டுச் செலவில் நூறில் ஏறக்குறைய எழுபது பங்கு சாப்பாட்டுக்கே போன காலம் அது. 2022-23இல் அரசு எடுத்த கணக்கிலோ, கிராமத்து வீட்டில் சாப்பாட்டுச் செலவு பாதிக்கும் கீழே, நூறில் 46 பங்குக்கு வந்துவிட்டது. தாத்தாவுக்கு எடுத்த அளவில் பேரனுக்குச் சட்டை தைத்தால் பொருந்துமா? நாற்பது ஆண்டு அப்படித்தான் தைத்தார்கள். 2025 ஜூனிலிருந்து 2019ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய குறியீடு வந்திருக்கிறது. வரவேற்கிறேன். அடுத்த மாற்றத்துக்கு இன்னொரு நாற்பது ஆண்டு காத்திருக்க நம்மால் முடியாது.

இனி நான் சொல்லப்போவதுதான் என் மனத்தை அதிகம் வருத்துவது. குறியீடே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். நம் முதியவர்கள். தமிழ்நாடு 1962இல் மாதம் 20 ரூபாயோடு முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. முன்னோடியான காரியம். 2025இல் அது 1,200 ரூபாயாக இருந்தது. ஆனால் 2011இல் 1,000 ஆன தொகை, 2023 வரை பன்னிரண்டு ஆண்டு அசையவில்லை. 2011இல் அந்தப் பணம் நூறு நாள் வேலைக் கூலியில் எட்டு நாளுக்கு மேல். 2025இல் 1,200 ரூபாய் மூன்றரை நாள் கூலிதான். மத்திய அரசின் பங்கு இன்னும் கொடுமை. எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2007இல் 200 ரூபாய், 2025இலும் அதே 200. அன்று இரண்டரை நாள் கூலி. 2025இல் ஒரு நாள் கூலிகூட இல்லை. யாரும் உத்தரவு போட்டுக் குறைக்கவில்லை. விலைவாசி சத்தமில்லாமல் குறைத்தது, நாம் சும்மா இருந்தோம்.

2023இல் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கும் இதே ஆபத்து உண்டு. ரிசர்வ் வங்கி விரும்புகிறபடி விலைவாசி ஆண்டுக்கு நான்கு விழுக்காடு மட்டுமே ஏறினாலும், பதினெட்டு ஆண்டில் விலை இரண்டு மடங்காகும். தொகையைத் தொடாமல் வைத்தால், 2041இல் அந்த ஆயிரம் ஐந்நூறின் வேலையைத்தான் செய்யும்.

ஆகவே இந்த மேடையில் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகள், மகளிர் ஆகியோருக்குத் தரும் ஒவ்வொரு தொகையும் ஆண்டுதோறும் விலைவாசியோடு தானாக உயரட்டும். தேர்தலுக்குத் தேர்தல் கை நீட்ட வைக்காதீர்கள். உழைப்பாளி வீட்டுச் செலவுக் கணக்கை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எடுத்து, பள்ளியும் மருந்தும் கேஸும் அதில் உரிய இடம் பெறட்டும். நூறு நாள் வேலையில் ஆண் பெண்ணுக்கு ஒரே கூலி கொடுக்க முடிந்தது என்றால், நம் கழனியிலும் கொடுக்க முடியும். இந்த மூன்றாவது கோரிக்கை சென்னைக் கோட்டைக்கும் டெல்லிக்கும் அல்ல, இங்கே உட்கார்ந்திருக்கும் நிலக்காரர்களுக்கு. நாளைக் காலையே தொடங்கலாம்.

மற்ற இரண்டுக்கும் வழி கிராம சபை. குடியரசு நாளிலும், மே தினத்திலும், சுதந்திர நாளிலும், காந்தி பிறந்த நாளிலும் அது கூடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். உதவித்தொகை வாங்கும் உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய், "2007இன் 200 ரூபாய் இன்றைக்கு எத்தனை?" என்று எழுந்து கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வல்லம் ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊராட்சியிலும் அந்தத் தீர்மானம் நிறைவேறட்டும்.

மரக்கால் ஆண்டையின் கையில் இருந்தபோது கேட்க நமக்கு நாக்கு இல்லை. இன்று வாக்குரிமை இருக்கிறது, சபை இருக்கிறது, கணக்கும் தெரிந்திருக்கிறது. கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!