தோல் என்னும் மதில்



மூட்டு வலித்தால் தைலம் தேய்ப்பது நம்மவர் வழக்கம். சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 வகையாகவே பகுத்துரைக்கிறது. ஆனால், மேலே பூசிய மருந்து உள்ளே செல்லத் தோல் எளிதில் இடங்கொடுக்குமா?

கொடுக்காது. தோலின் மேற்படலம் மிக மெல்லியது. எனினும் மதிலைப் போன்றது. உயிரற்ற அணுக்கள் செங்கற்களாக அடுக்கப்பெற்றிருக்க, அவற்றினிடையே கொழுப்பு, சாந்து போல் நிரம்பியிருக்கிறது. நீரில் மட்டும் கரையும் மருந்தை அக்கொழுப்பு தடுக்கும். எண்ணெயில் மட்டும் கரையும் மருந்தோ கொழுப்பிலேயே தங்கிவிடும். அடியிலுள்ள ஈரமான அடுக்கினுள் எளிதில் இறங்காது.

அவ்வாறாயின் எண்ணெயையும் நீரையும் ஒன்றாக்கினால் என்ன? பாலைப் பாருங்கள். நீரில் கொழுப்புத் துளிகள் மிதப்பதும் அது வெண்மையாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம். ஹோர், ஷுல்மன் என்னும் அறிஞர் இருவர், எண்ணெயும் நீரும் கலந்தும் தெளிவாகவே விளங்கும் கலவைகளைப் பற்றி 1943ஆம் ஆண்டில் எழுதினர். இவற்றுக்கு 1959இல் 'மைக்ரோ எமல்ஷன்' என்னும் பெயர் ஏற்பட்டது. தமிழில் நுண்பால்மம் எனலாம். சோப்பைப் போல் எண்ணெயையும் நீரையும் இணைக்கும் பொருளே இதன் உயிர்நாடி. துளிகள் ஒளியலையினும் மிகச் சிறியன. ஆதலால் கலவை தெளிவாக இருக்கிறது. நெடுநாள் வைத்தாலும் பிரிவதில்லை.

இதில் மருந்து மிகுதியாகக் கரையும். இணைக்கும் பொருள், மதிலின் சாந்தையும் சற்றே நெகிழ்த்துகிறது. மூட்டுவலிக்கு வழங்கும் அசிக்குளோஃபினாக் என்னும் மருந்தை விழுங்கினால் வயிறு புண்படக்கூடும். தில்லி ஜாமியா ஹம்தர்த் ஆராய்ச்சியாளர்கள், இதே இனத்தைச் சேர்ந்த 'நானோ எமல்ஷன்' கலவையில் அம்மருந்தைச் சேர்த்து, எலியின் தோலில் ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டனர். சாதாரணக் களிம்பைக் காட்டிலும் அது மிகுதியாக ஊடுருவிற்று.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மதிலை நெகிழ்த்தும் பொருள் அளவு மிஞ்சினால் தோல் சிவந்து எரியும். நெகிழ்ந்த வழியில் வேண்டாதனவும் நுழையும். நம் மதுரை வட்டாரத்து வயல்களில் தெளிக்கும் பூச்சிமருந்துகள் பலவற்றிலும் எண்ணெயையும் நீரையும் இணைக்கும் பொருள்கள் உண்டு. அந்நஞ்சும் தோல் வழியே உடலிற் புகவல்லது. எனவே தெளிப்போர் கையுறை அணிவதும், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளிப்பதும் இன்றியமையாதன.

வீட்டிலும் அவ்வாறே. மேற்பூச்சுதானே என்று எண்ணி, மருத்துவர் குறித்த அளவை மீறிப் பூசாதீர்கள். புண்பட்ட தோலில் அவரைக் கேளாமல் எதையும் தடவாதீர்கள். தோலின் மேல் இடுவதும் மருந்தே. உண்ணும் மருந்துக்கு அளவு உண்டென்றால், பூசும் மருந்துக்கும் உண்டு.