கண் படாத ஆறு

(‘நடந்து மகிழ ஏற்றது கடற்கரையா? ஆற்றங்கரையா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘ஆற்றங்கரையே’ என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய சகோதரியார் ஒரு கேள்வி கேட்டார்கள். “கடற்கரைக்குப் போனால் காற்று வாங்கலாம், சுண்டல் வாங்கலாம். ஆற்றங்கரையில் என்னத்தை வாங்குறது?” நல்ல கேள்வி. ஆனால் தலைப்பு வாங்குவதைப் பற்றியதில்லை, நடப்பதைப் பற்றியது. கடற்கரைக்குப் போகிறவர் என்ன செய்கிறார்? நாலு எட்டு வைக்கிறார். மணலில் கால் புதைகிறது. மூச்சு வாங்குகிறது. அந்த நேரம் பார்த்து பஜ்ஜி வாசனை வருகிறது. உட்கார்ந்துவிடுகிறார்! நடந்து குறைத்தது நாலு காசு எடை, தின்று ஏற்றியது நாற்பது காசு எடை. (சிரிப்பு)

ஆற்றங்கரை அப்படியில்லை. ஆறு ஓடுகிறது. அதோடு சேர்ந்து நம்மையும் நடக்கச் சொல்கிறது. அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கும் என்று பார்க்கத் தோன்றுகிறது.

நான் தமிழ் வாத்தியார். இலக்கியத்தைத் தொடாமல் இறங்கினால் சம்பளம் செரிக்காது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் எங்கே பிரிந்தார்கள்? புகார்க் கடற்கரையில்! இந்திர விழா முடிந்து கடலாடப் போன இடத்தில், யாழ் மீட்டிப் பாடிய பாட்டில் சந்தேகம் வந்து பிரிந்தார்கள். கோவலனும் கண்ணகியும் எங்கே சேர்ந்து நடந்தார்கள்? காவிரிக் கரையில்! கவுந்தியடிகள் துணைக்கு வர, வடகரையோடு நடந்து, திருவரங்கத்துப் பக்கம் ஆற்றைக் கடந்து, கடைசியில் வைகையை மரப்புணையில் தாண்டினார்கள். ஆகவே நடுவர் அவர்களே, குடும்பம் பிரிய வேண்டுமா, கடற்கரைக்குப் போங்கள். சேர வேண்டுமா, ஆற்றங்கரைக்கு வாருங்கள்! (பலத்த கைதட்டல்)

“மதுரைக்குப் போய் என்ன ஆனாங்க?” என்று எதிரணித் தம்பி முணுமுணுக்கிறார். தம்பி, அது நடந்து போனதால் வந்த வினையில்லை. சிலம்பை விற்கப் போனதால் வந்தது! (சிரிப்பு)

சரி, சிரிப்பைச் சற்று ஒதுக்கி வைப்போம். நான் பிறந்தது பெரியகுளம். வராக நதிக்கரை. பின்னால் எழுந்து நிற்பது கொடைக்கானல் மலை. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் மலைமேல் முதல் வீடுகளைக் கட்டினார்கள். வத்தலக்குண்டு பக்கத்திலிருந்து மோட்டார் ரோடு திறந்தது 1914-இல். அதுவரைக்கும் மேலே போக எங்கள் ஊர்ப்பக்கம்தான் வழி. கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் குதிரை, இல்லாவிட்டால் நாற்காலி. துரை நாற்காலியில் உட்கார்ந்து போனார். நம்ம ஆள் தூக்கிக்கொண்டு நடந்தார். நடைப்பயிற்சி யாருக்கு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த மலைச்சரிவில் இருக்கிற ஊர் அடுக்கம். பெயரே சங்கத் தமிழ். அடுக்கம் என்றால் மலைச்சாரல். முப்பது வருஷம் முன்னால், விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு அங்கே முகாமுக்குப் போனேன். கும்பக்கரையிலிருந்து நடை. பாம்பாறு பாறைகளைக் குடைந்து வைத்திருக்கிற பள்ளங்களுக்கு யானை, பாம்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வழியில் ஒரு பெரியவர், தலையில் எலுமிச்சை மூட்டை, எங்களோடு சேர்ந்துகொண்டார்.

“ஐயா, இன்னும் எத்தனை கிலோமீட்டர்?” என்றேன்.

“அதெல்லாம் தெரியாது சாமி. ரெண்டு தடவை வெத்தலை போடணும்” என்றார்.

அவர் சும்மா நடக்கவில்லை. ஓடையில் ஒரு கிளை விழுந்து கிடந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கிளையை இழுத்துப் போட்டார். பாதையில் ஒரு கல் புரண்டிருந்தது. காலாலேயே சரி செய்தார். “ஏன் ஐயா, இதுக்கெல்லாம் ஆள் இல்லையா?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “நடக்கிறவன்தான் ஆளு சாமி. கால் படாத பாதை காடாயிரும்” என்றார்.

அன்றைக்கு அதை நான் மலைப்பாதைக்கு மட்டும் சொன்னதாக நினைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் அந்த மலை மக்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். நமக்கு நடை உடற்பயிற்சி. அவர்களுக்கு அது உயிர்ப்பிரச்சினை. சின்னூர், பெரியூர் மக்கள் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். கல்லாற்றில் வெள்ளம் வந்தால் கயிற்றைப் பிடித்துக் கடந்திருக்கிறார்கள். அடுக்கம் வழியாக இப்போது சாலை வந்துவிட்டது. ஆனாலும் மழைக்காலத்தில் மண் சரிந்து அடைத்துக்கொள்ளும். நடக்க வேண்டும் என்பது வேறு, நடந்தே தீர வேண்டும் என்பது வேறு. அவர்களுக்குப் பாலமும் சாலையும் வேண்டும். நமக்கு வேண்டியது புத்தி. (கைதட்டல்)

அந்தப் புத்தி எனக்கு எப்போது வந்தது, சொல்கிறேன். சின்ன வயசில் எங்கப்பா சாயங்காலம் என்னை ஆற்றங்கரையோடு கூட்டிப்போவார். மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்திருக்கிறேன். பிறகு வீட்டுக்குள் குழாய் வந்தது. குளிக்க ஆற்றுக்குப் போவது நின்றது. ஒரு நாள் கொத்தனார் கேட்டார், “கழிவுத் தண்ணியை எங்கே விடுறது?” அப்பா, “பின்னால வாய்க்கால் இருக்கே” என்றார். அந்த வாய்க்கால் ஆற்றுக்குப் போகிறது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முனைவர் பட்டத்துக்குச் சங்க இலக்கியத்தில் ஆறுகளை ஆராய்ந்துகொண்டிருந்த நான், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வருஷம் டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். சர்க்கரை! எங்கே நடப்பது? ஊருக்குப் போயிருந்தபோது, மகளைக் கூட்டிக்கொண்டு அப்பா நடந்த கரையில் நடக்கப் பார்த்தேன். பாதி வழியில் முள். மீதி வழியில் குப்பை. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்னப்பா, இதுலயா ஊற்றுத் தண்ணி குடிச்சீங்க?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. யாரோ கெடுத்தார்கள் என்று சொல்லலாம். யாரோ இல்லை. அதில் எங்கள் வீட்டுக் குழாயும் உண்டு.

அப்போதுதான் அந்தப் பெரியவர் சொன்னது புரிந்தது. கால் படாத பாதை காடாகும். கண் படாத ஆறு சாக்கடையாகும்!

கடல் பெரியது. நாம் நடந்தாலும் கடல், நடக்காவிட்டாலும் கடல். ஆனால் ஆறு அப்படியில்லை. நாம் நடக்கிற வரைக்கும்தான் அது ஆறு. தினம் பத்துப் பேர் நடக்கிற கரையில் குப்பை கொட்ட ஒருத்தன் யோசிப்பான். நடக்கிறவன் பார்ப்பான், பார்க்கிறவன் கேட்பான். நாம் முதுகைக் காட்டினோம், ஆறு செத்தது. 1872-இல் போட்ட கோக்கர்ஸ் வாக்கில் நடக்கக் குடும்பத்தோடு மலையேறிப்போய்க் கட்டணம் கட்டுகிறோம். காசில்லாமல் நடக்கிற ஆற்றங்கரை வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது.

“ஆறு எப்படிப் போனால் என்ன, எங்களுக்குக் கடல் இருக்கு” என்பீர்கள். மெரினாவில் வடக்கே நடந்து பாருங்கள். நேப்பியர் பாலத்தருகே கூவம் கடலில் சேருகிற இடத்தில் கை தானாக மூக்குக்குப் போகும். ஆறு கெட்டால் உங்கள் கடற்கரை நடையும் கெட்டது!

நிறைவாக ஒன்று. எங்கள் வராக நதி வைகையின் துணையாறு. வைகை 258 கிலோமீட்டர் ஓடுகிறது. ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டு, மிச்சம் இருந்தால் கடலுக்குப் போகிறது. அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் அழகன்குளம். 1986 முதல் தொல்லியல் துறையினர் அங்கே தோண்டி, ரோமானியரோடு நடந்த வாணிகத்தின் தடயங்களை எடுத்தார்கள். வைகை கடலைத் தொடுகிற இடத்தில் ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். இரண்டு கரையிலும் நடக்கலாம். அந்த ஊருக்கு என்ன பெயர் தெரியுமா? கடலூர் இல்லை, கடற்கரைப்பட்டி இல்லை. ஆற்றங்கரை! கடலோரத்தில் இருக்கிற ஊரே எங்கள் அணிக்கு ஓட்டுப் போட்டுவிட்டது, நடுவர் அவர்களே! (நீண்ட கைதட்டல்)

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர் ஆற்றங்கரையில் ஒரு கிலோமீட்டர் நடங்கள். நாற்றம் அடித்தாலும் நடங்கள். முள் இருந்தால் ஒதுக்கிவிட்டு நடங்கள். நானும் மகளும் ஊருக்குப் போகும்போதெல்லாம் நடக்கிறோம். முதல் வேலையாக எங்கள் வீட்டுக் குழாயை வாய்க்காலிலிருந்து எடுத்துவிட்டோம். ஊற்றுத் தோண்டுகிற நாள் வருமா, சொல்லத் தெரியவில்லை. ஆனால் நடக்காவிட்டால் வராது என்பது தெரியும்.

நடந்து மகிழ மட்டுமல்ல, நடந்து காக்கவும் ஏற்றது ஆற்றங்கரையே, ஆற்றங்கரையே!