முழு வண்டியா, உதிரிப் பாகங்களா?

பழைய மோட்டார் காரை விற்பதில் பெரிய ஆலோசனை ஒன்றும் இல்லை. வாங்குபவர் ஒரு விலை சொல்வார். நாம் ஒரு விலை சொல்வோம். நடுவில் எங்கோ பேரம் படியும். ஆனால், உடையவர் தம் விருப்பம்போல் மாற்றியமைத்த வண்டியாக இருந்தால் வேறொரு கேள்வி எழுகிறது: வண்டியாக விற்பதா, பிரித்துப் பாகம் பாகமாக விற்பதா?

என் தமையனார் விட்டுச் சென்ற அம்பாஸடர் மார்க் 4 வண்டி இக்கேள்வியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதன் 1489 சி.சி. எஞ்சினை எடுத்துவிட்டு, 1994-ஆம் ஆண்டில் கான்டெஸாவின் 1817 சி.சி. இசுஸு எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் அவர் பொருத்தியிருந்தார். அண்ணியாருக்கோ முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டியிருந்தது.

சென்னைப் புதுப்பேட்டை வியாபாரி ஒருவர் பாகங்களுக்குத் தனித்தனியே விலை சொன்னார். கூட்டிப் பார்த்தால், முழு வண்டிக்குக் கேட்கப்பட்ட விலையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். கணக்கு என்னவோ சரிதான். ஆனால் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே நாளில் போய்விடும். கதவுகளும் கண்ணாடிகளும் மாதக்கணக்கில் வாசலில் கிடக்கும். எஞ்சிய கூடு எடைக்குத்தான் போகும். வண்டி இல்லாமற்போனதைப் பதிவு அதிகாரிக்கு 14 நாட்களுக்குள் அறிவித்துச் சான்றையும் ஒப்படைக்க வேண்டும். கூட்டலில் இந்த அலைச்சலுக்கு இடமில்லை.

ஆகவே முதலில் வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தோம். அம்பாஸடருக்கு லாரியைப் போலத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். அது துருப்பிடித்து இற்றுப்போயிருந்தால், எவ்வளவு நல்ல எஞ்சின் இருந்தாலும் பிரிப்பதே வழி. மெக்கானிக் திருப்புளியால் அங்கங்கே குத்திப் பார்த்தார். இரண்டு இடங்களில் மட்டுமே தகடு உள்வாங்கியது.

அடுத்தது பதிவுச் சான்று. தமையனார் அக்காலச் சட்டப்படி அனுமதி பெற்று, புதிய எஞ்சின் எண்ணை அதில் எழுதுவித்திருந்தார். மனிதர் காகித விஷயத்தில் மகா கண்டிப்பு! 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 52-ஆம் பிரிவு இறுகிவிட்டது. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாதென்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. அந்த எஞ்சினும் அந்த உடலும் சேர்ந்திருக்கும் வரையில்தான் சான்றிலுள்ள அவ்வரிக்கு மதிப்பு. பிரித்துவிட்டால், மீண்டும் அதைப் பெறுவது அரிது.

அக்குறிப்பு இல்லாதிருந்தால் என் யோசனை நேர்மாறாக இருந்திருக்கும்: பழைய எஞ்சின் கைவசம் இருந்தால் அதை மீண்டும் பொருத்தி வண்டியை விற்று, இசுஸுவைத் தனியே விற்கச் சொல்லியிருப்பேன்.

முழுதாகவே விற்றோம். முதலில் வாரிசு முறையில் அண்ணியார் பெயருக்கும், பிறகு வாங்கியவர் பெயருக்கும் சான்றை மாற்றிய பின்னரே சாவியைக் கொடுத்தோம். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பு என்பது 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விஷயம். பணம் ஒரே தவணையில் வந்தது; மறுவாரமே அண்ணியார் மருத்துவமனையில் நாள் குறித்துக்கொண்டார்.