கள்ளரைப் பிடிக்கும் சட்டம் யாரையெல்லாம் பிடிக்கும்?

இணையக் குற்றத்தையும் நாடுகளின் ஒத்துழைப்பையும் பற்றிப் பேச ஒரு தாதியை ஏன் கூப்பிட்டார்கள் என்று சிலர் யோசிக்கலாம். மருத்துவமனையிலிருந்தே தொடங்குகிறேன்.

2022 டிசம்பர் 18 இரவு, ரொறன்ரோவின் சிக்கிட்ஸ் சிறுவர் மருத்துவமனையின் கணினிகளை ரான்சம்வேர் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவைத்து, திறப்பதற்குப் பணம் கேட்கும் நிரல் அது. பரிசோதனை முடிவுகளும் ஸ்கான் படங்களும் தாமதமாயின. முடிவு வராமல் அடுத்த சிகிச்சையைத் தீர்மானிப்பது எவ்வளவு கடினம் என்பது எந்தத் தாதிக்கும் தெரியும். பிள்ளையின் தாய் "இன்னும் வரேல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

மருத்துவமனை பணம் கொடுக்கவில்லை. டிசம்பர் 31 அன்று லொக்பிட் என்ற குழு மன்னிப்புக் கேட்டு, பூட்டைத் திறக்கும் நிரலை இலவசமாகத் தந்தது. தாக்கிய பங்காளியை விலக்கிவிட்டதாகவும் சொன்னது. ஆம், இந்தத் தொழிலில் பங்காளிகள் உண்டு. நிரலை எழுதுபவர் ஒரு நாட்டில், அதை எடுத்துத் தாக்குபவர் இன்னொரு நாட்டில்.

ஆகவே ஒரு நாட்டுப் பொலிஸால் மட்டும் இவர்களைப் பிடிக்க இயலாது. 2024 பெப்ரவரியில், பிரித்தானியாவின் தலைமையில் பத்து நாடுகளின் பொலிஸார் சேர்ந்து லொக்பிட்டின் சேர்வர்களைக் கைப்பற்றினார்கள். அக்குழுவோடு இயங்கிய ஒருவர் இங்கே ஒன்ராறியோவிலேயே பிடிபட்டு, 2024 மார்ச்சில் ஏறக்குறைய நான்கு ஆண்டுச் சிறை பெற்றார். ஆனால் குழுவின் தலைவர் என்று அமெரிக்கா குற்றஞ்சாட்டியவர் ரஷ்யக் குடிமகன். ரஷ்யா தன் குடிமக்களை ஒப்படைப்பதில்லை.

ஒத்துழைப்புக்கு உடன்படிக்கைகள் வேண்டும். 2001ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் உடன்படிக்கையில் கனடாவும் இலங்கையும் 2015இல் இணைந்தன, இந்தியா இணையவில்லை. பிறகு, ரஷ்யா தொடக்கத்திலிருந்து வலியுறுத்திவந்த இன்னொரு உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பர் 24 அன்று ஏற்றது. 40 நாடுகள் உறுதிப்படுத்தினால் அது நடைமுறைக்கு வரும்.

இங்கேதான் நாங்கள் உற்றுப் பார்க்கவேண்டும். நான்கு ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய எந்தக் குற்றத்துக்கும் அதன்படி மின்னணுச் சாட்சியம் கேட்கலாம். கணினியைத் தாக்கிய குற்றமாக இருக்கவேண்டியதில்லை. இலங்கையின் 2024 நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில், தேசிய பாதுகாப்புக்கு அச்சுறுத்தலான பொய்க்கூற்றுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. மே மாத நினைவேந்தலைப் பற்றி ஸ்காபரோவில் இருந்து ஒருவர் எழுதுவதும் அந்தக் கணக்கில் வந்துவிடலாம் அல்லவா?

உடன்படிக்கையில் காப்பும் இருக்கிறது. இனம், மொழி, சமயம், அரசியல் கருத்து காரணமாக ஒருவரைத் தண்டிக்கவே கேட்கிறார்கள் என்று நம்ப வலுவான காரணம் இருந்தால், மறுக்கலாம். "மறுக்கலாம்" என்றுதான் இருக்கிறது. "மறுக்கவேண்டும்" என்று இல்லை.

கோதுமைக்குள் களை முளைத்த உவமை என் சபையில் எல்லோருக்கும் தெரியும். களையைப் பிடுங்கும்போது பயிரும் சேர்ந்து போய்விடுமோ என்ற கவலை அதில் உண்டு. சிறுவர் மருத்துவமனையைத் தாக்குபவர் பிடிபடத்தான் வேண்டும். அதற்காகக் கனடா இந்த உடன்படிக்கையில் சேருமானால், அந்தச் சொல்லை எங்கள் நாட்டுச் சட்டம் "மறுக்கவேண்டும்" என்று மாற்றி எழுதட்டும். அடுத்தமுறை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் தமிழ் விழாவுக்கு வரும்போது, படம் எடுத்த பிறகு இதையும் கேளுங்கள்.